கோபுரத்தடி மரங்கள்

காடு மூச்சை உள்ளே இழுத்தால்தான் ஊர் மூச்சு விடலாம் என்று சட்டம் வந்தபோது கரிசல்பேட்டையில் யாரும் கலங்கவில்லை. "எவ்வளவு இழுத்தா எவ்வளவு விடலாம்?" என்று மட்டும் கேட்டார்கள். எங்கள் ஊரில் எதற்கும் முதல் கேள்வி அதுதான். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதுதான்.

சட்டம் எளிமையானது. ஒவ்வொரு ஊருக்கும் மலைமேல் ஒரு காட்டை எழுதிவைத்தார்கள். காட்டுக்குள் ஒரு கோபுரம், கோபுரத்தின் உச்சியில் ஒரு கருவி. காற்றிலிருக்கும் கரியைக் காடு எவ்வளவு உள்வாங்குகிறது என்று அது அளந்துகொண்டே இருக்கும். அந்த அளவுக்குத்தான் ஊர் குளிர்சாதனம் ஓட்டலாம். நாற்பத்தெட்டு டிகிரி என்பது சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்ட காலம். சூரியத் தகடுகளை எல்லாம் நல்ல விலை வந்ததென்று பட்டணத்துக்கு எப்போதோ தள்ளிவிட்டிருந்தோம். ஆகவே காடு அளந்து கொடுத்த குளிர்மணிதான், அதாவது குளிர்சாதனம் ஓட்டக் கிடைத்த மணிநேரம்தான், எங்களுக்குக் கதி. ஊசிமலைக் காடு மழையுள்ள வருஷங்களில் நாளுக்குப் பத்துக் குளிர்மணி கொடுத்தது.

அதை இரண்டு இடங்கள் பங்கு போட்டுக்கொண்டன. ஒன்று வத்தல் கிட்டங்கி. மூன்று மாவட்டத்து மிளகாய் வத்தல் அதில் குளிரக் குளிரத் தூங்கியது. இன்னொன்று குளிர்ச்சாவடி. கைக்குழந்தைகள், கிழடுகள், பிள்ளைத்தாய்ச்சிகள் வெயில் ஏறியதும் அங்கே வந்து பாய் விரிப்பார்கள். இரண்டையும் நடத்துவது வியாபாரிகளின் மகமைச் சங்கம். சங்கத்துக்குத் தலைவர் ரோஷன் அண்ணாச்சி. கிட்டங்கிக்கு முதலாளியும் அவரே. அதனால் சங்கத்துக்கும் கிட்டங்கிக்கும் எந்நாளும் மனஸ்தாபம் வந்ததில்லை.

அண்ணாச்சிக்கு வயது அறுபத்தைந்து. அவர் பிறந்த காலத்தில் இப்படித்தான் பெயர் வைத்தார்கள். இன்றைக்கு எங்கள் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் வரிசையைப் பார்த்தால் நித்தின் தாத்தா, ஹர்ஷிதா பாட்டி என்றுதான் இருக்கும். பழைய பெயர்களை இளசுகள் எடுத்துக்கொண்டுவிட்டன. வத்தல் தரகர் யோகித்தின் ஒரே மகள் பெயர் உலகம்மாள்.

அந்த உலகம்மாளுக்கு இது நிறைமாதம். இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, பகலில் சாவடியை விட்டு வெளியே வரவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். யோகித் எதிர்த்துக் கேட்கவில்லை. போன கோடையில் சாவடி பாதியில் அணைந்த ஒரு மதியம், தெற்குத் தெருவில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வயிற்றோடு போனாள். அந்தப் பாடைக்கு முன்னால் நடந்தவர்களில் யோகித்தும் ஒருவர்.

இந்தக் கோடையில் குளிர்மணி பத்திலிருந்து ஏழானது. பிறகு நாலானது. அண்ணாச்சி யோகித்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"யோகித்து, மலைக்குப் போவோம். காட்டுக்கு என்ன கேடுன்னு பாப்போம்."

"பாத்து?"

"பேசிப் பாப்போம். நம்ம எதப் பேசி முடிக்காம விட்டிருக்கோம்?"

ஜீப் ஏறிப் போனார்கள். கோபுரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் சீனித்தாய், இருபத்தெட்டு வயதுப் பெண், கழுத்தில் ஈரத்துண்டும் கையில் பனை விசிறியுமாக இறங்கி வந்தாள். காட்டில் ஒரு பறவைச் சத்தமில்லை. காலடியில் சருகு அப்பளம்போல் நொறுங்கியது.

"மரம் கஞ்சக்காரி, அண்ணாச்சி," என்றாள் சீனித்தாய். "இலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத வாய் இருக்கு. கரியை உள்ள இழுக்கணும்னா அதத் தொறக்கணும். தொறந்தா தண்ணி வெளிய போயிரும். மூணு வருஷமா மழை இல்ல. காத்து அடுப்புல இருந்து வர்ற மாதிரி அடிக்குது. விடிஞ்சதும் கொஞ்ச நேரம் தொறந்துட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள இறுக்கி மூடிக்கிருது."

"மூடிட்டுப் போகட்டும். உள்ள பழைய இருப்பு இருக்குல்ல?"

"இருப்புதான் கரையுது. மண்ணு, வேரு, உதிர்ந்த இலை எல்லாம் இந்தச் சூட்டுல கரியை வெளிய விட்டுக்கிட்டே இருக்கு. வாங்குறதுதான் நின்னுபோச்சு. விடுறது நிக்கல."

அண்ணாச்சி கொஞ்சநேரம் மரங்களையே பார்த்தார். பழைய கூட்டாளியைக் கடைத்தெருவில் ஒருமாதிரியாகப் பார்ப்பதுபோல. "கொள்முதல நிப்பாட்டிட்டு, பின்வாசல் வழியா சரக்க வெளிய ஓட்டுதா? இத மண்டியில செஞ்சா மஞ்சக் கடுதாசின்னு சொல்லுவாங்க, தாயி."

"காடும் மஞ்சக் கடுதாசிதான் குடுக்கப் போகுது. சட்டத்துல வழி இருக்கு அண்ணாச்சி. வறட்சியில காடு நின்னுபோச்சுன்னு ஊர்ச் சங்கம் எழுதிக் குடுத்தா, நல்லா இருக்குற வேற காட்டுல இருந்து சாவடிக்கு இரவல் குளிர் வாங்கித் தருவாங்க. பகல் முழுக்க ஓட்டிக்கிரலாம்."

யோகித்தின் முகம் தெளிந்தது. "அப்புறம் என்ன?"

"கிட்டங்கிக்குப் பூட்டுப் போட்டுருவாங்க. இரவல் மனுசங்களுக்கு மட்டும்தான்."

"அந்தப் பேச்சே வேண்டாம்," என்றார் அண்ணாச்சி. "செத்த காட்டுக்காரன்னு பேராகிப்போச்சுன்னா எவன் நம்ம ஊருக்குப் பொண்ணு குடுப்பான்?"

அண்ணாச்சியின் இரண்டு பையன்களுக்கும் கல்யாணமாகிப் பேரன்கள் மீசை வைத்திருந்தார்கள். இருந்தாலும் ஊர்க்கவலை.

அவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். "இந்தக் கருவிக்கு எம்புட்டு தூரம் தெரியும், தாயி?"

"காத்து வர்ற பக்கமா ஒரு கூப்பிடு தூரம். அந்த மரங்கள வச்சு முழுக்காட்டுக்கும் பெருக்கிக்கிருவாங்க."

அண்ணாச்சி யோகித்தைப் பார்த்தார். யோகித் அண்ணாச்சியைப் பார்த்தார். பேசத் தேவையிருக்கவில்லை.

எங்கள் மண்டியில் பருப்பு மூட்டை வாங்க வருகிறவன் கையில் குத்தூசி இருக்கும். உள்ளே குழிவான ஊசி. மூட்டையில் குத்தி இழுத்தால் ஒரு பிடி பருப்பு வரும். அந்தப் பிடியைப் பார்த்துத்தான் மொத்தத்துக்கும் விலை. எந்த மூலையில் குத்துவான் என்பது முன்னாலேயே தெரிந்தால் அந்த மூலையில் எதை நிரப்பவேண்டும் என்று பேட்டையில் பால்குடி மறக்காதவனுக்கும் தெரியும். ஆனால் இங்கேதான் குத்துவேன் என்று கான்கிரீட் போட்டுக் கோபுரம் கட்டி விட்டுப்போன வாடிக்கையாளரை நாங்கள் அதுவரை கண்டதில்லை. அரசாங்கம் அப்படிப் போயிருந்தது.

"அண்ணாச்சி, இது ஏமாத்து," என்றாள் சீனித்தாய். அவளும் பேட்டைக்காரி. சொல்லாமலே புரிந்துவிட்டது.

"மரத்துக்குத் தண்ணி ஊத்துறது ஏமாத்தா? நல்ல கதையா இருக்கே. நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு."

"என் வேலை கோபுரம் சொல்றத அனுப்புறது. நான் கண்ணால பாக்குறத எழுதினா, சொந்த அபிப்பிராயம்னு திருப்பி அனுப்பிருவாங்க. போன மாசமே எழுதிப் பாத்துட்டேன்."

இறங்கும் வழியில் யோகித் இரவல் குளிரைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை எடுத்தார். அண்ணாச்சி அவர் தொடையில் தட்டினார். "சாவடியும் ஓடும், கிட்டங்கியும் ஓடும். ரெண்டும் கெடைக்கிறப்ப எதுக்கு ஒண்ண விடணும்?" யோகித்துக்கு அது நியாயமாகப் பட்டது. பேட்டையில் வளர்ந்தவருக்கு வேறு எப்படிப் படும்?

மறுநாளிலிருந்து ஊருணித் தண்ணீர் லாரி லாரியாக மலையேறியது. வீட்டுக்கு இரண்டு குடம் என்பது ஒரு குடமாயிற்று. கோபுரத்தடி மரங்களுக்குச் சருகுக்கடியில் குழாய் ஓடியது. காலையிலும் மாலையிலும் பன்னீர் தெளிப்பதுபோல் தூவல். மேற்கு வெயில் படாமலிருக்கச் சாக்குகளைத் தைத்து ஒரு பந்தல். மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கும் அந்த உபசாரம் நடந்ததில்லை. மாப்பிள்ளைகளாவது இரண்டு நாளில் கிளம்பிவிடுவார்கள்.

மரங்கள் வாயைத் திறந்தன. குளிர்மணி ஆறாயிற்று, ஒன்பதாயிற்று, பன்னிரண்டையும் தாண்டியது. சாவடி பகல் முழுக்க ஓடியது. கிட்டங்கியில் வத்தல் போர்வை கேட்கும் அளவுக்குக் குளிர்ந்தது. சங்கம் கூடி அண்ணாச்சிக்குச் சால்வை போர்த்தியது. அந்த வெயிலில் சால்வையை வாங்கிக்கொள்ள ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

"அப்பா," என்றாள் உலகம்மாள், சாவடிப் பாயில் ஒருக்களித்தபடி. "மலையில மரம் குளிக்குதாம். இங்க நாலு நாளா நான் துடைச்சுத்தான் விட்டுக்கிறேன்."

"அது குளிச்சாத்தான் தாயி நீ குளிர்ச்சியா படுத்திருக்கலாம்."

"அப்ப அந்த மரத்துக்குத்தான் வளைகாப்புப் போட்டிருக்கணும்."

யோகித் சிரித்தார். மறுவாரம் லாரியோடு மலைக்குப் போனபோது சிரிப்பு வரவில்லை. சாக்குப் பந்தலுக்குள் பச்சை கொழித்துக்கிடந்தது. பந்தலைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் எல்லாம் குச்சி. மலை முழுக்க, கண்ணெட்டும் தூரம்வரை, குத்திவைத்த ஊதுபத்திகள்போல மரங்கள் நின்றன.

"முன்னாடி ஓடையில கொஞ்சம் கசிவு இருந்துச்சு. அதையும் மோட்டார் போட்டு இங்கதான திருப்பி விட்டீங்க," என்றாள் சீனித்தாய். "கோபுரம் பாக்காத மரமெல்லாம் போய்க்கிட்டிருக்கு மாமா. ஊசிமலை நல்லாருக்குன்னு தெனமும் நான்தான் அனுப்புறேன்."

அவள் அனுப்பியதை மற்றவர்களும் படித்தார்கள். நாடே பொசுங்கும்போது ஒரு காடு மட்டும் இப்படி மூச்சு வாங்குகிறதே என்று பத்திரிகையில் படம் வந்தது. பந்தல் தெரியாமல் எடுத்த படம். அதற்குப் பின்னால் பட்டணம் வந்தது.

சட்டத்தில் இன்னொரு வரி இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. பத்துக் குளிர்மணிக்கு மேல் கொடுக்கிற காட்டில் வேறு ஊர்கள் பங்கு கேட்கலாம். மறுக்க முடியாது. எத்தனை பங்கு என்று வேண்டுமானால் பேசிக்கொள்ளலாம். சரக்கின் முகப்பை அளவுக்குமேல் ஜோடித்தால் பெரிய கை வந்து மொத்தமாகக் கேட்கும் என்பது மண்டியில் முதல் பாடம். அத்தனை பேரும் படித்திருந்தோம். ஒருவருக்கும் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

"பட்டணமே நம்ம வாசல்ல வந்து நிக்குது," என்றார் அண்ணாச்சி பெருமையாக. "பத்துல அஞ்சு பங்கு கேக்குறான். பேசி நாலுல நிறுத்து. அதுக்குப் பதிலா கிட்டங்கிக்கு எந்தக் காலத்துலயும் தடை கெடையாதுன்னு எழுதி வாங்கிரு."

"சாவடிக்கு?"

"மிச்சத்துல ஓடட்டும்."

"மிச்சம்னா காலையில ஒரு மணி நேரம் வரும் அண்ணாச்சி. எம்மக அங்க கெடக்கா."

"வத்தலுக்குக் குளிர் போனா பூசணம் பிடிச்சிரும். மனுசனுக்கு வேர்த்தா துடைச்சுக்கிரலாம். நீயும் வத்தல் தரகன்தானப்பா, உனக்குச் சொல்லணுமா?"

உலகம்மாள் தனக்கும் மகள் மாதிரிதான் என்றும் சொன்னார். மாதிரி என்ற சொல்லுக்கு மண்டியில் என்ன மதிப்பு என்பது யோகித்துக்குத் தெரியும்.

பேச்சுவார்த்தைக்குப் பட்டணத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். விருந்தாளிகளை வேர்க்க விடலாமா? சாவடியின் அன்றைய குளிரை மண்டிக்குத் திருப்பிவிட்டார் அண்ணாச்சி. பிள்ளைத்தாய்ச்சிகளைக் கிட்டங்கிச் சுவரோரம் உட்காரவைத்தார்கள். சுவருக்கு உள்ளே குளிர், வெளியே நிழல். உலகம்மாள் அந்தச் சுவரில் கன்னத்தை ஒட்டிவைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். உதடு வெளுத்து, பாதம் இரண்டும் வீங்கியிருந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க போங்க," என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

யோகித் போனார்.

பேட்டையில் பெரிய பேரம் வாயால் நடப்பதில்லை. இரண்டு தரகர்கள் எதிரெதிரே உட்கார்ந்து கைகோத்துக்கொள்வார்கள், கையின்மேல் ஒரு துண்டு விழும். துண்டுக்குள்ளே விரல்தான் பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அத்தனை பங்கு. சுற்றி நிற்பவர்கள் முகத்தைத்தான் பார்க்கலாம். முகத்தில் எதையும் காட்டாதவன்தான் தரகன். விரலே கொடுக்காமல் கையை இறுக்க மூடிக் காட்டுவது என்றும் ஒன்று உண்டு. உள்ளே சரக்கு இல்லை, ஓடிவிடு என்று அர்த்தம். தன் முதலாளியின் சரக்கைப் பற்றி ஒரு தரகன் அப்படிக் காட்டினான் என்று தெரிந்தால் அவனுக்கு அப்புறம் எந்த மண்டியிலும் நிழல்கூடக் கிடைக்காது.

பட்டணத்துத் தரகர் ஆதவுக்கு ஐம்பது வயதிருக்கும். முழுக்கைச் சட்டை, தங்கப்பிரேம் கண்ணாடி. ஆனால் துண்டு விழுந்ததும் கை தானாக உரிய இடத்துக்கு வந்தது. எந்தக் காலத்திலோ இவர்களும் ஒரு பேட்டையிலிருந்து போனவர்கள்தான் போலிருக்கிறது.

"தொடங்கலாம் சார்," என்றார் ஆதவ். யோகித்தின் ஐந்து விரலையும் பிடித்தார். பத்தில் ஐந்து.

யோகித் ஒரு விரலைக் கழற்றிக்கொள்ள வேண்டும். நாலு. எளிய வேலை. அண்ணாச்சி பக்கத்தில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். திறந்த கதவு வழியாகக் கிட்டங்கிச் சுவர் தெரிந்தது. சுவரோரம் ஒருத்தி உலகம்மாளின் தலையில் தண்ணீர் தெளிப்பதும் தெரிந்தது. வீட்டுக்கு ஒரு குடத்துத் தண்ணீர்.

யோகித் ஐந்து விரலையும் உருவிக்கொண்டார். துண்டுக்குள்ளே கையை இறுக்கி மூடி, ஆதவின் உள்ளங்கையில் வைத்தார்.

ஆதவின் முகம் அசையவில்லை. மூடிய கையை விரல்களால் ஒருமுறை சுற்றித் தடவிப் பார்த்தார், தப்பாக எடுத்துக்கொள்ளவில்லையே என்பதுபோல. பிறகு அவருடைய கை விலகியது. மறுபடி வந்தது. யோகித்தின் உள்ளங்கையைத் தேடிப் பிடித்து அதில் உட்கார்ந்தபோது அதுவும் இறுக மூடியிருந்தது.

யோகித்துக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் மண்டியின் குளிர் முதுகில் ஏறியது. பட்டணத்துக் காட்டிலும் ஒன்றுமில்லை. அங்கேயும் ஒரு கோபுரம், அங்கேயும் ஒரு பந்தல். அங்கே தண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கிறது, அதனால்தான் இவ்வளவு தூரம் பங்கு கேட்டு வந்திருக்கிறார்கள். இரண்டு வெறுங்கைகள் துண்டுக்குள்ளே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தன. சுற்றி நின்றவர்கள் கடுமையான பேரம் நடக்கிறது என்று நினைத்தார்கள்.

ஆதவ்தான் முதலில் கையை எடுத்தார். அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தார்.

"முகப்பு பிரமாதம் சார். நடுவுல ஒரு குத்தூசி போட்டுப் பாத்துட்டு முடிச்சுக்கலாமா? எங்ககிட்ட சின்னதா ஒரு கோபுரம் இருக்கு. வண்டியிலயே கொண்டுவந்துருக்கோம். மலைக்கு அந்தப் பக்கச் சரிவுல நட்டா போதும்."

மண்டியில் வெற்றிலை மெல்லும் சத்தம் நின்றது.

அண்ணாச்சி அண்ணாச்சிதான். அரை நிமிஷம் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். "அதெல்லாம் எதுக்கு உங்களுக்குச் சிரமம்? மூணு வருஷ வறட்சி. காடு இந்த வாரம்தான் கொஞ்சம் சுணங்குது. நாங்களே எழுதிக் குடுத்துரலாம்னு இருந்தோம். என்ன யோகித்து?"

"ஆமா அண்ணாச்சி. இருந்தோம்."

"அப்ப சாவடிக்கு நாங்க இரவல் தர்றோம் சார்," என்றார் ஆதவ். "எங்க காட்டுக்கு என்ன குறைச்சல்?"

யோகித் அவர் முகத்தைப் பார்த்தார். முகத்தில் எதுவும் இல்லை. அள்ளிக் கொடுக்கிறவனின் பானையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பது அந்த மனிதருக்கும் தெரிந்திருந்தது. இரவல் கொடுக்கிற காடு செத்த காடு என்று எந்த அதிகாரி சந்தேகப்படுவான்? பட்டணத்துக்கு இப்போது தேவைப்பட்டது எங்கள் காடு அல்ல. எங்கள் நன்றி.

சங்கம் எழுதிக்கொடுத்ததும் அன்று மாலையே கிட்டங்கிக்குப் பூட்டு விழுந்தது. சாவடியில் குளிர் ஓடத் தொடங்கியது. வத்தலைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டதில் அண்ணாச்சிக்கும் இரத்த அழுத்தம் ஏறிப்போக, அவரும் சாவடியில் பெரியவர்கள் பக்கம் ஒரு பாய் போட்டுக்கொண்டார். ஜன்னலோரப் பாய்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். துண்டுக்குள்ளே என்ன நடந்தது என்று யோகித்தை அவர் கேட்கவேயில்லை. கேட்டுப் பதில் வந்துவிட்டால் மறுநாளிலிருந்து வேறு தரகன் தேடவேண்டும்.

யோகித் சீனித்தாய்க்குப் போன் போட்டார். "பட்டணத்துக் காடு எப்படி இருக்கு தாயி?"

"கோபுரத்தடி மரமெல்லாம் தளதளன்னு இருக்காம் மாமா."

"நம்ம பந்தல்?"

"லாரி வந்து நாலு நாளாச்சு. தூருல ஈரம் இருக்கு, ஆனா அதுகளும் வாய மூடிக்கிருச்சு. வேர்ல மட்டும் தண்ணி இருந்தாப் போதாது போல. காத்து இப்படிச் சுட்டா எதுவும் நம்பித் தொறக்காது. பட்டணத்துலயும் இன்னும் எத்தன நாளைக்கோ. நான் பாத்தத, பந்தல் போட்ட கதையெல்லாம், எழுதி அனுப்பட்டுமா? இப்ப நீங்க சொன்னா சங்கமும் கையெழுத்துப் போடும்."

யோகித் சாவடிக் கூரையைப் பார்த்தார். குழாய் வாயிலிருந்து இரவல் குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் எழுதினால் எல்லா ஊர்க் கோபுரத்தடியையும் சோதிப்பார்கள், பட்டணத்தையும் சேர்த்து. பட்டணத்தைச் சோதித்தால் இந்தக் குழாய் நிற்கும்.

"பிள்ள பெறக்கட்டும் தாயி," என்றார். "அப்புறம் எழுதலாம்."

வெள்ளிக்கிழமை மதியம், வெளியே தார் உருகிக்கொண்டிருந்தபோது, உலகம்மாள் சாவடியிலேயே பெண்பிள்ளை பெற்றாள். இரண்டு உயிரும் பிழைத்தன. பட்டணத்துக் காட்டின் புண்ணியம் என்று சாவடி முழுக்கச் சொன்னார்கள். அந்தக் காட்டின் பெயரையே பிள்ளைக்கு வைக்கலாம் என்று ஜன்னலோரப் பாயிலிருந்து அண்ணாச்சி யோசனை சொன்னார்.

போன் அடித்தது. சீனித்தாய். யோகித் எடுக்கவில்லை. பேறுகாலம் பார்த்த நர்ஸ் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். எல்லாப் பிள்ளைகளையும்போல அதுவும் விரல்களை உள்ளே மடக்கி, இரண்டு கைகளையும் இறுக்க மூடியிருந்தது. மெதுவாக ஒரு கையைப் பிரிக்கப் பார்த்தார். பிரியவில்லை.

சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லாரும் பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கைகளின்மேல் போட்டு மூடினார்.